அம்மா எல்லாவற்றுக்கும் "ஓம்" என்கிறார்: வாட்டில் ஆள் மாறினால் யாரிடம் போவது?

உப்புவெளிப் பிள்ளை · ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். இரண்டு நாளாக நித்திரை இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்க வேண்டாம். திருகோணமலை மாவட்டத்துக்குள் ஒன்று, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 71 வயது. சீனி வருத்தம். காலில் புண் ஆறவில்லை என்று வாட்டில் மறித்து வைத்திருக்கிறார்கள். சீனிக்கு இன்றுவரை குளிசைதான், ஊசி போட்டதே இல்லை.

வெள்ளி பின்னேரம் ஆறரை மணி இருக்கும். நான் இடியப்பப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தாதி மிஸ்ஸி தட்டத்தோடு வந்தார், நோயாளியின் விபரம் எழுதிய ரிக்கட்டைப் பார்த்தார், பெயரைச் சொல்லி "நீங்கதானே?" என்றார். அம்மா "ஓம்" என்றார். பிறகு சிங்களத்தில் ஏதோ கேட்டார். அதற்கும் "ஓம்". வயிற்றில் பஞ்சால் துடைத்தும் ஆயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மிஸ், அம்மாவுக்கு ஊசி இல்லையே, குளிசைதானே?"

அவர் அப்படியே நின்றுவிட்டார். ரிக்கட்டைத் திரும்ப வாசித்தார். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் அதே பெயர். அவருக்குரிய இன்சுலின் அது. மிஸ்ஸியின் முகத்தில் இரத்தமே இல்லை. "சொறி அக்கா, சொறி அக்கா" என்று இரண்டு முறை சொன்னார்.

அண்ணா கனடாவில் இருந்து எடுத்து, எழுத்தில் முறைப்பாடு கொடு என்று நிற்கிறார். எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. என்ன செய்யலாம்?

கன்னியா வெந்நீர் · ஞாயிறு, இரவு 11.05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தங்கச்சி? கொடுங்கள். இன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். ஆளில்லாத கிழவி என்றால் விடியும்போது உடம்பைத்தான் தந்திருப்பார்கள். 2023 இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்தை வாங்கிய விவகாரம் வெடித்து, சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதானார். மேலே அந்த நிலை என்றால் கீழே கேட்கவா வேண்டும்? பேரைச் சொல்லி முகநூலில் போடுங்கள், நான் பகிர்கிறேன்.

பழைய மிஸ்ஸி · திங்கள், காலை 5.50

பிள்ளை, முதலில் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அது போதும். இரண்டு கேள்வி. ரிக்கட் எங்கே இருந்தது, கட்டிலில் தொங்கியதா, மேசையிலா? அன்றைக்கு அம்மாவைக் கட்டில் மாற்றினார்களா?

உப்புவெளிப் பிள்ளை · திங்கள், காலை 7.15

அக்கா, நீங்கள் கேட்டபிறகுதான் நினைவு வருகிறது. எழுத வெட்கமாகவும் இருக்கிறது. எங்கள் கட்டிலுக்கு மேலே இருந்த ஃபான் சுற்றவில்லை. பக்கத்து அம்மாவின் மகள், "எங்கட அம்மாவுக்குக் குளிர் ஆகாது, நீங்கள் இங்கால வாங்கோவன்" என்றார். மத்தியானம் நாங்களே இரண்டு பேரையும் மாற்றிப் படுக்கவைத்தோம். தலையணை, போத்தல், பை எல்லாம் மாற்றினோம். ரிக்கட் இரண்டும் கட்டிலிலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

யாரிடமும் சொல்லவும் இல்லை.

பழைய மிஸ்ஸி · திங்கள், காலை 9.30

நினைத்தேன். 34 வருடம் வாட்டில் நின்றவளுக்கு ஃபான் என்றால் என்னவென்று தெரியாதா? மே மாதத்தில் எங்கள் பக்கத்து வெக்கைக்கு, ஓடுகிற ஃபானுக்குக் கீழே ஒரு கட்டில் கிடைப்பது லொத்தர் விழுந்த மாதிரி.

உங்கள் பிழை என்று சொல்ல வரவில்லை. அந்தப் பிள்ளையின் பிழை மட்டும் என்றும் சொல்ல மாட்டேன். கிடுகுக் கூரையை யோசித்துப் பாருங்கள். எந்தக் கிடுகிலும் ஓட்டை இருக்கும். ஒன்றின் ஓட்டையை மேலே இருக்கிற மற்றது மூடும். எல்லா ஓட்டையும் ஒரே நேருக்கு வந்த அன்றைக்குத்தான் மழை பாயில் விழும். ஜேம்ஸ் ரீசன் என்ற பிரித்தானிய உளவியல் பேராசிரியர் இதையே ஓட்டையுள்ள சீஸ் துண்டுகளை வைத்து விளக்கினார். எங்களுக்குக் கிடுகு போதும்.

வெள்ளிக்கிழமை ஓட்டைகளை எண்ணுங்கள். ஃபான் பழுது. ஆட்கள் மாறியது ஒருவருக்கும் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே பெயர். உங்கள் அம்மாவின் தலைமுறையில் பரமேஸ்வரி, மகேஸ்வரி, ராஜேஸ்வரி என்று பாதிப் பெண்கள் ஈஸ்வரிகள்தான். ஒரு வாட்டில் இரண்டு பேர் இல்லாவிட்டால்தான் புதுமை. கையில் பெயர்ப் பட்டி இல்லை. கேள்வி ஒரு மொழியில், பதில் இன்னொரு மொழியில். கடைசியாக, "நீங்கதானே?" என்ற கேள்வி. அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரே பதில்தான் இருக்கிறது.

ஊசி, இரத்தம், சத்திரசிகிச்சை எதுவானாலும் நோயாளியிடம் "உங்கள் பெயர் என்ன? எந்த ஊர்? வயது என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். பெயரை நாங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எடுத்துக் கொடுத்தால், காது கேட்காதவரும் ஓம் என்பார், காய்ச்சலில் கிடப்பவரும் ஓம் என்பார், மிஸ்ஸிக்கு மரியாதை கொடுக்கிறவரும் ஓம் என்பார். இரத்தம் ஏற்றும்போது ஆள் மாறி இரத்த வகை பிழையானால் சில மில்லிலீற்றரே ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால்தான் அதற்கு இரண்டு பேர் கட்டிலடியில் நின்று சரிபார்ப்பது. இன்சுலினையும் அப்படித்தான் நினைக்க வேண்டும். நானும் ஒருமுறை... வேண்டாம், அது வேறு கதை.

கடிதம் எழுதுங்கள். ஆனால் ஆளைப் பற்றி அல்ல, ஃபானில் தொடங்கி நடந்ததை நடந்தபடி.

வட லண்டன் வாசி · திங்கள், பிற்பகல் 2.20

இங்கே இதெல்லாம் நடக்கவே நடக்காது. உள்ளே போனவுடன் கையில் பட்டி கட்டிவிடுவார்கள், பார்கோட் அடித்துத்தான் மருந்து. நம்முடைய நாடு திருந்த இன்னும் நூறு வருடம்.

இரவுப்பணி · திங்கள், பிற்பகல் 3.45

அண்ணா, நானும் லண்டனில்தான், வாட்டில்தான் வேலை. பட்டி இருக்கிறது, உண்மை. பட்டியை வாசிக்காமல் மருந்து கொடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்காமல் விட்டதை விசாரித்த அறிக்கை 2013 இல் வந்தபோது நாடே தலைகுனிந்தது. மார்த்தா என்ற 13 வயதுப் பிள்ளை 2021 இல் கிருமி இரத்தத்தில் ஏறி இறந்துபோனாள். பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று தாய் சொல்லிக்கொண்டே இருந்தார், எடுபடவில்லை. அதற்குப் பிறகுதான் 2024 இல், குடும்பத்தார் கேட்டால் வேறொரு வைத்தியக் குழு வந்து பார்க்க வேண்டும் என்று மார்த்தாவின் பெயரிலேயே ஒரு விதியைக் கொண்டுவந்தார்கள். உப்புவெளித் தங்கச்சி கட்டிலடியில் நின்று செய்ததும் அந்த வேலைதான்.

எங்கள் பெயர் இங்கேயும் தொல்லைதான். அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடும், அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே பெயர்ப் பட்டி மாதிரித் தெரியும். பிறந்த திகதி இல்லாவிட்டால் நாங்கள் கெட்டோம்.

கிண்ணியா மகள் · திங்கள், இரவு 8.10

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டிலடியில் நிற்கிற ஆளைப் பற்றிக் கதைக்கிறபடியால் எழுதுகிறேன்.

2017 மார்ச்சில் எங்கள் ஊரை டெங்கு பிடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அந்த வருடம் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல். என் நானாவின் மகன், எட்டு வயது, காய்ச்சல் விட்ட நாள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். டொக்டர்தான் "இனித்தான் கவனம்" என்றார். காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் இரத்தக் குழாயில் இருந்து நீர் வெளியே கசியத் தொடங்குமாம். அந்த 24 முதல் 48 மணித்தியாலம் நீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் நெஞ்சில் கட்டி மூச்சு முட்டும். மணிக்கு மணி குடித்தது எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்று எழுதச் சொன்னார்கள். ஒரு வாட்டில் அத்தனை பிள்ளைகள். மிஸ்ஸிமார் எத்தனை கட்டிலுக்குத்தான் ஓடுவார்கள்? பிள்ளையின் உம்மா, என் மச்சி, ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினா. "ஒரு கோப்பை இளநீர், ஒரு கோப்பை கஞ்சி."

இரவு வந்த மிஸ்ஸி, "கோப்பை என்றால் எந்தக் கோப்பை?" என்று கேட்டா. மச்சி வீட்டுப் பிளேன்டீக் கோப்பையைக் காட்டினா. மிஸ்ஸி அதில் தண்ணீர் ஊற்றி அளவுக் குவளைக்கு மாற்றிப் பார்த்தா, 150 மில்லிலீற்றர். மச்சி 200 என்று நினைத்து மத்தியானத்தில் இருந்து கணக்கு வைத்திருக்கிறா. உடனே டொக்டரைக் கூப்பிட்டு முழுக்கணக்கையும் திருத்தினார்கள். மகன் இப்போது என்னை விட உயரம், அல்ஹம்துலில்லாஹ்.

அந்த மிஸ்ஸியும் சிங்களப் பிள்ளைதான். "கோப்பை" என்ற சொல் அவவுக்கு நல்லாத் தெரிந்திருந்தது.

கன்னியா வெந்நீர் · திங்கள், இரவு 8.40

தங்கச்சி, உங்கள் கதை நல்ல கதை. எல்லோருக்கும் அப்படி அமையாது. நான் கேட்பது, பிழை விட்டவரைத் தண்டிக்காவிட்டால் பயம் எங்கிருந்து வரும்? வழக்குப் போட்டால்தான் சரிப்படும்.

சட்டத்தரணி அல்ல · திங்கள், இரவு 9.25

பெயரிலேயே சொல்லிவிட்டேன், நான் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவன், அவ்வளவுதான். வழக்கு என்பது லேசில்லை அண்ணை. 1992 இல் கொழும்பில் ஒரு சிறுமி இறந்து, தகப்பன் பெயர்பெற்ற ஒரு வைத்தியப் பேராசிரியர் மீது வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் 50 லட்சம் கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை லட்சமாக்கியது. 2001 இல் உயர் நீதிமன்றத்தில் அதுவும் நிற்கவில்லை. கவனயீனம் இருந்தது, ஆனால் அதனால்தான் பிள்ளை இறந்தது என்று காட்டப்படவில்லை என்றார்கள். ஒன்பது வருடம். தங்கச்சியின் விடயத்தில் ஊசி ஏறவே இல்லை. அங்கே போய் எதைக் காட்டுவது?

எழுத்தில் கொடுப்பது என்றால் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு. அசையாவிட்டால் மாகாண சுகாதாரத் திணைக்களம். டொக்டர் ஒருவரின் தொழில் நடத்தை பற்றி என்றால் மருத்துவச் சபை. உங்கள் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று அறிய 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கடிதத்தின் பிரதியில் சீலும் திகதியும் அடித்து வாங்காமல் திரும்பி வரவேண்டாம். இதை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆறாம் வாட்டு · செவ்வாய், அதிகாலை 2.30

இரவுக் கடமையில் இருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும். நான் டொக்டர், வேலைக்கு வந்து நாலு வருடம். வேறு மாவட்டம்.

கன்னியா அண்ணை, பயம் எங்களிடம் நிறைய இருக்கிறது. அதுதான் பிரச்சினையே. அந்த மிஸ்ஸி உங்கள் முன்னால் "சொறி" சொன்னாரே, அதை மேலே போய்ச் சொல்லியிருப்பாரா? சொன்னால் விளக்கக் கடிதம் கேட்பார்கள் என்று பயந்து விட்டிருப்பார். அப்போது ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தது பணிப்பாளருக்கு எப்படித் தெரியும்? அடுத்த மாதமும் இரண்டு ஈஸ்வரிகள் வருவார்கள்.

எங்கள் நாட்டிலேயே இதற்கு வேறு வழி இருக்கிறது. ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் கட்டாயம் அறிவிக்க வேண்டும். பிறகு ஆஸ்பத்திரியில், மாவட்டத்தில், கடைசியில் குடும்ப சுகாதாரப் பணியகத்தின் தேசிய மீளாய்வில், எந்த இடத்தில் தாமதம், எந்த இடத்தில் இரத்தம் கிடைக்கவில்லை, வீட்டில் இருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள் என்று அக்குவேறு ஆணிவேறாகப் பார்ப்பார்கள். அந்த மேசையில் நானும் ஒருமுறை இருந்தேன், வியர்த்துக் கொட்டியது. ஆனால் "யார்?" என்பதை விட "ஏன்?" என்பதைத்தான் அதிகம் கேட்டார்கள். லட்சம் பிறப்புக்கு 30 சொச்சம் தாய்மரணம் என்ற அளவில் இலங்கை நிற்பதற்கு, ஊர் மருத்துவிச்சிமாரான குடும்பநல மாதுமார் வீடு வீடாக நடப்பதற்கு அடுத்தபடியாக இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். தாய்க்குச் செய்வதை ஏன் ஊசிக்குச் செய்ய முடியாது?

பெரிய செலவும் இல்லை. 2008 இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கு 19 விடயம் கொண்ட ஒரு சரிபார்ப்புத் தாளைக் கொண்டுவந்தது. வெட்டுவதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று ஆள் யார், எந்தப் பக்கம், என்ன சிகிச்சை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டில்லி, மணிலா, லண்டன் என்று எட்டு நகரங்களில் செய்து பார்த்ததில் இறப்பு 1.5 சதவீதத்தில் இருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஒரு தாள்தான். ஆனால் "சேர், இது வலது கால் இல்லையா?" என்று இளைய தாதி ஒருவர் பெரிய சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்த்துக் கேட்கிற தைரியம் அந்தத் தாளுக்குள் ஒளிந்திருக்கிறது. எங்கள் தியேட்டர்களில் தாள் நிரப்பப்படுகிறது. தைரியம் எல்லா நாளும் இல்லை.

கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

மருந்துக்கடை · செவ்வாய், காலை 10.15

டொக்டர் தம்பி, உங்கள் ஆட்களின் கையெழுத்தையும் அந்தத் தாளில் சேர்க்கச் சொல்லுங்கள். இன்சுலின் 10 யூனிட் என்று எழுதும்போது ஆங்கில "யூ" எழுத்தைப் பத்துக்குப் பக்கத்தில் ஒட்டி எழுதினால் 100 மாதிரித் தெரியும். "யூனிட்" என்று முழுதாக எழுதுங்கள் என்று உலகம் முழுக்கச் சொல்லியாயிற்று.

என் மேசையில் நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு குளிசை. வாரத்துக்கு ஒருநாள் மட்டும். தினமும் போட்டால் எலும்பு மச்சையே படுத்துவிடும், ஆள் தப்புவது கடினம். அதோடு கொடுக்கிற போலிக் அமிலமும் சின்ன மஞ்சள் குளிசை, இதுவும் பெரும்பாலும் மஞ்சள். இனி நான் குளிசை போட்டுக் கொடுக்கிற கடதாசி உறையைப் பாருங்கள். அச்சடித்து வருகிறது: காலை, பகல், இரவு. மூன்று கட்டம். "வாரம்" என்று ஒரு கட்டமே இல்லை! நான் மூன்றையும் வெட்டிவிட்டு "செவ்வாய் மட்டும்" என்று சிவப்புப் பேனையால் எழுதி, "அம்மா, என்றைக்குப் போடுவீர்கள்?" என்று கேட்பேன். "ஒவ்வொரு நாளும் மறக்காமல் போடுவேன் தம்பி" என்ற பதில் எத்தனை தரம் வந்திருக்கிறது தெரியுமா? பழைய மிஸ்ஸி அக்கா சொன்ன அதே கதை. "விளங்கினதா?" என்று கேட்டால் ஓம் என்றுவிட்டுப் போயிருப்பார்.

மலைநாட்டுக் காற்று · செவ்வாய், பிற்பகல் 1.05

நான் மூதூர்ப் பிள்ளை, சிங்களப் பகுதியில் தாதியாக இருக்கிறேன். மொழிப் பிரச்சினையை மறுபக்கத்தில் இருந்தும் கேளுங்கள். முதல் மாதம் எனக்குச் சிங்களம் ஐம்பது சொல். நான் கேட்பதற்கெல்லாம் பாட்டிமார் "ஒவ், ஒவ் மிஸ்" என்பார்கள். அவர்களுடைய "ஒவ்"வும் நம்முடைய "ஓம்"மும் ஒரே சாதி. ஒருநாள் ஒரு பாட்டியிடம் ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டேன், "ஒவ்". நெஞ்சு பதறி ஊசியை நிறுத்தினேன். பிறகு பார்த்தால், சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டதாக நினைத்திருக்கிறா.

தமிழ் 1987 இல் இருந்து சட்டத்தில் அரச கரும மொழிதான். வாட்டில் இரவு இரண்டு மணிக்குச் சட்டம் வந்து மொழிபெயர்க்காது. நான் ஒரு கொப்பியில் இருபது கேள்வியைச் சிங்களத்தில் தமிழ் எழுத்தால் எழுதி வைத்திருந்தேன். திருகோணமலையில் மூன்று இனமும் ஒரே வாட்டில் படுக்கிறது. அப்படி ஒரு தாளை அடித்து ஒவ்வொரு மேசையிலும் ஒட்ட எவ்வளவு செலவாகும்?

கன்னியா வெந்நீர் · செவ்வாய், மாலை 6.30

சரி, முகநூல் வேண்டாம். ஆனால் ஃபானை யார் திருத்துவது? அதைக் கடிதத்தில் முதல் வரியாகப் போடுங்கள்.

உப்புவெளிப் பிள்ளை · வியாழன், இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. கடிதம் எழுதினேன், ஒன்றரைப் பக்கம். ஃபான்தான் முதல் வரி. நாங்களே கட்டில் மாறினதையும் மறைக்காமல் எழுதினேன். அண்ணாவுக்கு அது பிடிக்கவில்லை, "நீயே உன்னைக் காட்டிக்கொடுக்கிறாய்" என்றார். மிஸ்ஸியின் பெயரை எழுதவில்லை. பிரதியில் சீல் வாங்கினேன், சட்டத்தரணி அல்லாத அண்ணாவுக்கு விசேட நன்றி.

பொறுப்பு மிஸ்ஸி கடிதத்தை நின்றபடியே வாசித்தார். கோபப்படுவாரோ என்று பயந்தேன். "இதே மாதிரி ஒரே பெயர் இன்னும் இரண்டு பேர் இருக்கினம்" என்றார். அன்று பின்னேரமே வெள்ளை பிளாஸ்டரில் பெயரும் கட்டில் இலக்கமும் எழுதி எல்லோர் கையிலும் ஒட்டினார்கள். அம்மாவின் கையில் குளித்தவுடன் உரிந்துவிட்டது, இரண்டு தரம் திரும்ப ஒட்டியாயிற்று. ஃபான் இன்னும் சுற்றவில்லை.

இன்று காலை அதே மிஸ்ஸி வந்தார். தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, உங்கட பேர் என்ன?" என்று தமிழில் கேட்டார். அம்மா எழும்பி உட்கார்ந்தார். பெயர், அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், பிறந்தது தம்பலகாமம், கலியாணம் கட்டி வந்தது உப்புவெளி, மூத்தவன் கனடா, மற்றவள் இந்தா நிற்கிறாள் என்று ஐந்து நிமிடம். மிஸ்ஸி குளிசையைக் கையில் பிடித்தபடி முழுதையும் கேட்டுக்கொண்டு நின்றார். பக்கத்துக் கட்டில் அம்மா தன்னையும் கேட்கச் சொல்லி அங்கிருந்து சத்தம் போட்டார்.

மான்குட்டி · வெள்ளி, காலை 8.20

அருமையான இழை. கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும்: கிளினிக் கொப்பி தொலைந்துவிட்டால் புதுசு எங்கே எடுப்பது? அப்பாவுடையதை வெளியில் வைத்துவிட்டோம், கோட்டைப் பக்கத்து மான் வந்து பாதியைத் தின்றுவிட்டது. பகிடி இல்லை.

பழைய மிஸ்ஸி · வெள்ளி, காலை 8.45

மிச்சப் பாதியைக் கொண்டுபோங்கள். கிளினிக் இலக்கம் அதில் இருந்தால் பழைய பதிவைப் பார்த்து எழுதித் தருவார்கள். போகும்போது அப்பா குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் உறையோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.